ஐப்பசி மழை முதல் தைப் பனி வரை: வீட்டுக் கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுப் புழக்கடையில் 22 கோழி நிற்கிறது. பெரும்பாலும் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி, நாலைந்து கிராமப்ரியா என்கிற முட்டை ரகம். ஐப்பசி பிறந்துவிட்டால் சொந்தக்காரர்களும் தெருவில் இருப்பவர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். முட்டை ஏன் நின்றது, கூட்டை மூடலாமா, ஒரு கோழி உர்ரென்று ஒதுங்கி நிற்கிறதே என்ன செய்வது. ஐப்பசியிலிருந்து தை முடியும் வரை கோழியை நோயில்லாமலும் முட்டையோடும் வைத்திருக்க எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். ஆயிரம் கோழி வைத்துப் பண்ணை நடத்துகிறவர்களுக்கு இது போதாது, பத்து முப்பது கோழி வளர்க்கிற வீட்டுக்காரர்களுக்குத்தான்.

மதுரைக்கு என்ன பெரிய குளிர்? அதனால் கோழிக்கு ஆபத்து வருமா?

குளிரால் வராது. மார்கழி, தையில் நம் பக்கம் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ரொம்பக் குறைந்தால் அதற்கும் கொஞ்சம் கீழே. கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி, மேலே இறகுப் போர்வை வேறு. முட்டையிடும் கோழிக்கு 18லிருந்து 24 டிகிரி வரைதான் சுகமான வெப்பம் என்பார்கள், அப்படிப் பார்த்தால் சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இரைக்கிற அதே கோழிக்கு மார்கழி சொர்க்கம். வளர்ந்த கோழி மதுரைக் குளிரில் விறைத்துச் செத்தது என்று நான் பார்த்ததே இல்லை.

ஆபத்து ஈரத்தில் இருக்கிறது. நம் ஊருக்கு ஒரு வருடத்தில் பெய்கிற மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. தரை நசநசவென்று கிடக்கும், தீவனம் பூஞ்சை பிடிக்கும், கொசு பெருகும், கூட்டுக்குள் எச்சம் காயாது. கீழே நான் சொல்லப்போகிற நோய்களில் பல இந்த நான்கிலிருந்துதான் வருகின்றன. அதனால் கூட்டைச் சூடாக்குவதை விட்டுவிட்டுக் காய வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

கார்த்திகை பிறந்ததும் முட்டை நின்றுவிட்டது. நோயா?

பெரும்பாலும் நோயில்லை. காரணம் ஒன்றாகவும் இருக்காது, அதனால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வெளிச்சம். கோழிக்கு முட்டையிடும் தூண்டுதல் கண்ணுக்கும் மூளைக்கும் போகிற வெளிச்சத்திலிருந்து வருகிறது, நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் நன்றாக இடும். மதுரையில் ஜூன் மாதப் பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 35 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரம்தான், ஆனால் மழை மூட்டத்தில் காலை 8 மணி வரை கூடு இருட்டாகவே கிடந்தால் அது இன்னும் குறைந்துவிடும்.

அடுத்தது இறகு உதிர்வது. ஒரு வயது தாண்டிய கோழி வருடத்துக்கு ஒரு தடவை பழைய இறகை உதிர்த்துப் புதிது போடும். கழுத்து மொட்டையாக, வால் கட்டையாக, பார்க்கப் பாவமாக இருக்கும். இறகு முழுக்கப் புரதம், முட்டைக்கும் புரதம் வேண்டும், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க அதன் உடம்பால் முடியாது. இரண்டிலிருந்து மூன்று மாதம் முட்டை நிற்கும், அதை அவசரப்படுத்த வழியில்லை.

மூன்றாவது, நாட்டுக்கோழியின் சுபாவமே 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காருவதுதான். அது நிறுத்தியதாகக் கணக்கு வைக்காதீர்கள், ஒரு சுற்று முடித்திருக்கிறது.

நாலாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை: கோழி இட்டுக்கொண்டேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாத இடத்தில். கூட்டில் முட்டைப் பெட்டி ஈரமாக இருந்தால் காய்ந்த இடம் தேடிப் போய்விடும். போன வருடம் ஒரு செவலைக் கோழி 11 நாளாக முட்டையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், தினமும் காலையில் கொக்கரிக்கிற சத்தம் மட்டும் வைக்கோல் படப்புப் பக்கமிருந்து வந்தது, ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தால் படப்பின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு குடைவு, உள்ளே 9 முட்டை. இதற்கு எளிய வழி, மழைக்காலத்தில் காலை 10 மணி வரை கூட்டைத் திறக்காமல் இருப்பது. பெரும்பாலான கோழி காலையிலேயே இட்டுவிடும்.

இடுகிற கோழி எது, இடாத கோழி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாயங்காலம் கூட்டில் ஏறிய பிறகு கோழியைப் பதறாமல் எடுத்து, தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருக்கும்படி அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வாலுக்குக் கீழே, ஆசனவாயின் இரு பக்கமும் மெல்லிய எலும்பு முனை இரண்டு தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் விரல் இரண்டு மூன்று நுழைந்தால் அது முட்டையிடுகிற கோழி. ஒரு விரலே இறுக்கமாக இருந்தால் இப்போதைக்கு இல்லை. இடுகிற கோழியின் ஆசனவாய் அகலமாக ஈரப்பசையோடு இருக்கும், கொண்டை சிவந்து, தொட்டால் கதகதவென்று இருக்கும். இடாததற்குக் கொண்டை சுருங்கி வெளிறிப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இப்படித் தடவிப் பார்த்தால் எடை குறைகிற கோழி, பேன் பிடித்த கோழி எல்லாம் கையிலேயே தெரிந்துவிடும்.

பல்பு போட்டால் முட்டை கூடுமா?

கிராமப்ரியா மாதிரி ரகத்துக்குக் கூடும். சிறுவிடைக்குப் பெரிய பலன் இருக்காது, அது எப்படியும் அடைக்குப் போய்விடும். போடுவதென்றால் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும், விடியற்காலை 4 மணிக்கோ 4.30க்கோ எரியும்படி வையுங்கள். சாயங்காலம் நீட்டித்துவிட்டு பட்டென்று அணைத்தால் கீழே நிற்கிற கோழிக்குக் கண் தெரியாமல் தடுமாறும், காலை நேரம்தான் நல்லது. ஒரே நாளில் கூட்டாமல் வாரம் அரைமணி நேரம் என்று கூட்டுங்கள், ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாதீர்கள், வெளிச்சம் திடீரென்று குறைந்தால் இட்டுக்கொண்டிருக்கிற கோழியும் இறகு உதிர்க்க ஆரம்பித்துவிடும்.

மழையில் வயர் விஷயத்தில் கவனம். ஒட்டுப்போட்ட வயரைத் தகரத்தின் மேல் இழுத்து வராதீர்கள். குண்டு பல்பை வைக்கோலுக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கவிடுவது கூட்டையே கொளுத்துவதற்குச் சமம்.

மழைச்சாரல் அடிக்கிறது. தார்ப்பாய் போட்டுக் கூட்டை முழுசாக மூடிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு விடாமல் நாலு நாள் மழை. பாவம் நனையுமே என்று நீலத் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, காற்று புகாதபடி அடியில் செங்கல் வைத்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு ஓரத்தைத் தூக்கிய உடனே கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது, தட்டினால் மழை மாதிரி கொட்டியது. வெளியே பெய்த மழை உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை, ஆனால் கோழியெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு கோழி கொர்கொர் என்று மூச்சு விட்டன, ஒன்றுக்கு கண்ணோரம் நுரை. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் சொன்னது, போய் முதலில் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள் என்பதுதான். அந்த மழையில் மூன்று கோழி போயிற்று, மூன்றும் என் தவறால்.

காரணம் இதுதான். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது, எல்லாம் எச்சத்தோடுதான் வரும், அந்த எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வெளியேறும். ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், அது மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கும், அரித்த இடத்தில் சளி நோய்க் கிருமி சுலபமாக உட்காரும். உங்கள் மூக்குக்கு நாற்றம் தெரிகிறது என்றால் கோழிக்கு அது ஏற்கெனவே அதிகம்.

அதனால் வடகிழக்குப் பருவக்காற்று வருகிற வடக்கு, கிழக்குப் பக்கம் மட்டும் மறையுங்கள். அதிலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், கோழியின் தலைக்கு மேலே அந்த வழியாக ஈரக்காற்று வெளியேற வேண்டும். தெற்கும் மேற்கும் வலையாகவே இருக்கட்டும். சாக்கைத் தொங்கவிடுவதாக இருந்தால் பகலில் சுருட்டிவிடுங்கள். கோழியின் மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது, கூட்டுக்குள் காற்று தேங்கவும் கூடாது, இவ்வளவுதான் கணக்கு.

கூடு எந்த அளவில், எப்படி இருக்க வேண்டும்?

ராத்திரி அடைய ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி. பத்துக் கோழிக்கு 5 அடிக்கு 4 அடி போதும். தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் கல் காலோ கம்பிக் காலோ வைத்து நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஓடுகிற தண்ணீரும் நுழையாது, பெருச்சாளியும் குடையாது. கூரை சுவரைத் தாண்டி இரண்டு அடி வெளியே நீட்டியிருக்கட்டும், சாரலுக்குத் தார்ப்பாயைவிட இந்தத் தாழ்வாரம்தான் நல்ல மருந்து. தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள், பனி நேரத்தில் தகரத்தின் அடியில் தண்ணீர் கோத்துச் சொட்டாது.

உள்ளே இரண்டு அங்குல அகலத்தில் ஒரு கட்டை. கோழி அதில் உட்கார்ந்து விரலை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும், அந்தக் குளிருக்கு அது போதும். நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, பழைய கூடையோ அகலமான மண்சட்டியோ, அதில் வைக்கோல் எப்போதும் காய்ந்ததாக.

பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்ப்பவர்களும் உண்டு. தாய்க்கோழிக்கும் குஞ்சுக்கும் பகலில் பஞ்சாரம் அருமையானது, மழை ராத்திரியில் வெறும் தரையில் மட்டும் வேண்டாம். அடியில் பலகை போட்டு, மேலே சாக்கு போட்டு, திண்ணையில் வையுங்கள்.

தரையில் என்ன பரப்புவது? எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை மாற்றுவது?

நெல் உமி, கடலைத் தோல், மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு, நம் பக்கம் எது சும்மா கிடைக்கிறதோ அது. மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள். நான் பார்க்கிற பரிசோதனை ஒன்றுதான்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து விரியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும். தினமும் ஒரு குச்சியால் கிளறிவிட்டால் பல நாள் வரும். ஈரம் பட்ட இடத்தில் கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறலாம், அப்போது கோழியை வெளியே விட்டுவிடுங்கள், தூசி கண்ணுக்கும் மூக்குக்கும் ஆகாது. எடுத்த குப்பை தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும்.

மழைக்காலத் தீவனம்?

மேய்ச்சல் குறைந்துவிடும் என்பதால் கையால் கொடுப்பது கூட வேண்டும். கம்பு, சோளம், அரிசிக் குருணை, தவிடு, இதெல்லாம் வயிற்றை நிரப்பும், முட்டைக்குப் புரதம் வேண்டுமே. கடலைப் புண்ணாக்கு போடுவோம், இங்கேதான் ஒரு பெரிய எச்சரிக்கை: மழையில் ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கிற பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுத்து, முட்டையைக் குறைத்து, போட்ட தடுப்பூசியையும் வேலை செய்யாமல் ஆக்கிவிடும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த விஷம் முழுசாகப் போகாது. பூஞ்சை வாசம் அடித்தால் எரித்துவிடுங்கள் அல்லது குழிதோண்டிப் புதையுங்கள், காசு போகிறதே என்று கோழிக்குப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளைக்கு மேல் வாங்கிச் சேர்க்காமல், மூட்டையைச் சுவரில் ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள்.

கரையான் சும்மா கிடைக்கிற புரதம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு அடைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது ஏறியிருக்கும். குஞ்சுகள் அதைப் பார்த்ததும் ஓடிவருகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் அன்றைக்குக் கோழி தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பயப்பட வேண்டாம். அசோலா, முருங்கைக்கீரை, அகத்தி கொடுங்கள், மஞ்சள்கரு நிறமே சொல்லும்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. கிளிஞ்சலை இடித்து ஒரு தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். வீட்டில் சாப்பிட்ட முட்டை ஓட்டைக் காயவைத்து நன்றாகப் பொடித்தும் வைக்கலாம், பெரிய துண்டாகப் போட்டால் முட்டையைக் கொத்திப் பழகிவிடும்.

இன்னொன்று. நடவு, களை, பூச்சிமருந்து எல்லாம் நம் பக்கம் இதே மாதங்களில்தான். மருந்து அடித்த வயலில் கோழி இறங்கினால் அன்றைக்கே போய்விடும், எலி மருந்து வைத்திருந்தால் அதைவிட மோசம். பக்கத்து வயல்காரரிடம் என்றைக்கு அடிக்கப்போகிறீர்கள் என்று கேட்டு அந்த இரண்டு மூன்று நாள் கூட்டிலேயே வையுங்கள். உறவும் கெடாது.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் என்ன மருந்து?

வந்த பிறகு மருந்து இல்லை. இது வைரஸ். குமாவுன் மலையில் ராணிகேத் என்ற ஊரின் பெயரால் ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், இறக்கை தொங்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். ஒரு வாரத்தில் கூடே காலியாகிவிடும். தை, மாசியில் பருவம் மாறும்போது தெருத் தெருவாக அள்ளிக்கொண்டு போகும்.

தடுப்பூசி ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு 7 நாளில் லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; நாலாவது வாரம் வாக்கில் இன்னொரு தடவை; 8 வாரம் ஆனதும் ஆர்2பி ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். அரசு கால்நடை மருந்தகங்களில் கேளுங்கள், வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் ஊர் ஊராக இலவசமாக நடக்கும். ஆனால் அதுவரை காத்திராமல் மழைக்கு முன்னாலேயே, புரட்டாசியிலேயே ஒரு தடவை போட்டுவிடுவது என் பழக்கம். ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் 100 கோழிக்கானது, கலக்கியபின் வைத்திருக்க முடியாது, அதனால் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே காலையில் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், சட்டைப் பையில் போட்டு வெயிலில் வண்டி ஓட்டிக் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான். நோய் கண்ட கோழிக்குப் போடக் கூடாது.

கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் உண்டு, நானும் கொடுக்கிறேன், கோழி தெம்பாக இருக்கிறது. அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக நினைக்காதீர்கள். செத்த கோழியைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ வீசுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒரே நாளில் காரணம் தெரியாமல் பல கோழி செத்தால் அறுக்காமல், விற்காமல், உடனே மருந்தகத்தில் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸும் உண்டு.

சந்தையில் கோழி வாங்கி விடலாமா?

இந்த மாதங்களில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று வாரம் தனியாக, வேறு தண்ணீர்ச் சட்டியோடு வைத்துவிட்டுப் பிறகு கலக்குங்கள். நம் கோழிக்குத் தீவனம் போட்டுவிட்டு அப்புறம் புதுக்கோழியிடம் போக வேண்டும், தலைகீழாகச் செய்யக் கூடாது.

கொண்டையில், கண்ணைச் சுற்றிக் கொப்புளம்?

அம்மை. கொசு பரப்புகிறது, அதனால்தான் மழைக்கு அப்புறம் வருகிறது. வளர்ந்த கோழி பெரும்பாலும் மூன்று நாலு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து தேறிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். கண் மூடிப்போன குஞ்சு தீனி தெரியாமல் பட்டினியால் சாகும், அதைக் கையில் எடுத்து ஊட்ட வேண்டும். வாய்க்குள் புண் வந்தால் டாக்டரிடம் போங்கள். இதற்கும் ஆறேழு வாரக் குஞ்சிலேயே போடுகிற தடுப்பூசி உண்டு. உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை, டயர் என்று தண்ணீர் தேங்குகிற எதையும் கூட்டுப் பக்கம் விடாதீர்கள்.

குஞ்சு ரத்தமாகக் கழிகிறது?

ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரக் குஞ்சுக்கு வரும். தாமதிக்காமல் மருந்தகத்துக்குப் போங்கள், தண்ணீரில் கலக்கிற ஆம்ப்ரோலியம் போன்ற மருந்து தருவார்கள், நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும். தரையை அன்றைக்கே மாற்றுங்கள்.

கோழிப்பேன்?

மழையில் கோழிக்கு மண் குளியல் கிடைப்பதில்லை, அதனால்தான் பெருகுகிறது. தாழ்வாரத்தின் அடியில் நனையாத இடத்தில் ஒரு அகலமான தொட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள், வேப்பிலைப் பொடியும் ஒரு கை. மற்றதைக் கோழியே பார்த்துக்கொள்ளும். ராத்திரி மட்டும் ஏறிக் கடித்துவிட்டு பகலில் கட்டை இடுக்கில் ஒளிந்துகொள்கிற சிவப்புப் பூச்சி ஒன்று உண்டு, அதற்குக் கட்டையைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் காயவைக்க வேண்டும்.

கீரி, மரநாய், பாம்பிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

எது வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பட்டப்பகலில் அடித்தால் கீரி அல்லது பருந்து. ராத்திரி கூரை வழியாக இறங்கினால் மரநாய், கூரை ஓடுகளை விலக்கிக்கொண்டு வருகிற அளவுக்குக் கை உண்டு அதற்கு. தரையைக் குடைந்து குஞ்சை இழுத்துப் போனால் பெருச்சாளி. முட்டையும் குஞ்சும் இறகு கூடச் சிந்தாமல் காணாமல் போனால் பாம்பு.

கடைகளில் கிடைக்கிற அறுகோண ஓட்டைக் கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான் உதவும். மரநாய் அதைக் கிழித்துவிடும், பாம்பு நுழைந்துவிடும். அரை அங்குலச் சதுரக் கம்பிவலை விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவைச் செலவு. தரையில் நிற்கிற கூடாக இருந்தால் வலையை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள். கதவுக்குக் கயிறு கட்டாமல் கொக்கியும் ஆணியும் வையுங்கள். கூட்டை ஒட்டி விறகு, செங்கல், ஓடு அடுக்காதீர்கள், மிச்சத் தீனியை ராத்திரி விடாதீர்கள், எலி வந்தால் எலியைத் தேடிப் பாம்பு வரும். டார்ச் இல்லாமல் அடைக்கோழிக்கு அடியில் கை விடவே கூடாது. மழை நேரத்தில் காய்ந்த கதகதப்பு நமக்குத் தெரிகிற மாதிரி நல்ல பாம்புக்கும் தெரியும். பார்த்துவிட்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். கீரிக்கும் மரநாய்க்கும் விஷம் வைப்பது, கண்ணி வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தெருநாயும் சேர்ந்து சாகும்.

தீபாவளி வெடிச்சத்தத்தில் முட்டை நின்றுபோகுமா?

சில நாள் குறையும், ஓடில்லாத தோல்முட்டை விழும், அப்புறம் சரியாகிவிடும். அன்றைக்குச் சாயங்காலம் சீக்கிரமே அடைத்துவிடுங்கள், கூட்டுப் பக்கம் சரவெடி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். ராக்கெட் வைக்கோல் படப்பில் விழுவதுதான் எனக்கு நிஜமான பயம், ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

மார்கழியில் அடைக்கு உட்காருகிறது. முட்டை வைக்கலாமா?

எங்கள் அப்பத்தா சொல்லும், மார்கழிக் குஞ்சு மடியில் வைத்தாலும் நிற்காது என்று. பனியில் நனைந்த புல்லில் தாய் கூட்டிக்கொண்டு திரியும்போது குஞ்சின் மென்மயிர் நனைந்துவிடுகிறது, முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி கதகதப்பு வேண்டும், நனைந்த குஞ்சுக்கு அது கிடைக்காது. அடைகாக்க 21 நாள். தை பிறந்ததும் வைத்தால் தைக் கடைசியில் பொரிக்கும், பனியும் குறைந்திருக்கும். மார்கழியிலேயே வைத்துவிட்டீர்கள் என்றால் பொரித்ததும் பத்து நாள் தாயையும் குஞ்சையும் திண்ணையில் பஞ்சாரத்தில் வைத்து, வெயில் ஏறிப் பனி காய்ந்தபின் மட்டும் விடுங்கள்.

அடை தெளியவைக்க வேண்டும் என்றால் மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது இரண்டும் வேண்டாம். முதலாவது கொடுமை, இரண்டாவது இந்தக் காலத்தில் சளி பிடிக்கும். அடியில் வலை போட்ட காற்றோட்டமான ஒரு கூண்டில் வைக்கோல் இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வைத்தால் தானாகத் தெளியும்.

வீட்டில் மாலை போட்டிருக்கிறார்கள், கார்த்திகை முழுக்க முட்டை சேர்ந்துபோகிறதே?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எடுத்த முட்டையைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே நுழையும். சேறு இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், சமைக்கப் போகும்போது கழுவலாம். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வைத்தால் இந்தக் குளிர்ச்சியில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், படுத்துக் கிடந்தால் புதுசு, நின்றால் பழசு, மிதந்தால் தூக்கிப் போடுங்கள். கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால் எத்தனை நாள் கழித்து முட்டையைச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த முட்டையை அப்படியே தையில் அடை வைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பத்து நாளைத் தாண்டிய முட்டையில் கூமுட்டைதான் அதிகம் வரும், ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருந்தால் நல்லது. நான் மார்கழிக் கடைசியிலிருந்து ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதியும் எந்தக் கோழி என்றும் எழுதி வைக்கிறேன். கறிநாள் சமையலுக்குப் பழைய தேதி முட்டை போகும், புதுத் தேதியில் நல்ல வாகான முட்டையாகப் பார்த்து பத்தோ பன்னிரண்டோ அந்தச் செவலைக் கோழிக்கு அடியில் போகும்.